பழைய போல்ட் ரைஃபிளில் பேரல் மாற்றுவது எப்படி: கடலூர், புதுச்சேரி லைசென்ஸ்தாரர்களுக்கு

கடலூர், புதுச்சேரிப் பக்கம் இரண்டு மூன்று தலைமுறையாக ஒரு வீட்டில் லைசென்ஸோடு இருந்துவரும் போல்ட் ரைஃபிள் என்றால், அது .315 (இன்ச்சில் துளை அளவு) ரகமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மேற்கு வங்கத்து இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்தது. 1907-ல் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கொண்ட லீ-என்ஃபீல்ட் மார்க் 3-ன் பாடியும் (பேரலும் போல்ட்டும் பொருந்தும் உலோக உடல்) போல்ட் அமைப்பும்தான் (பின்பக்கத்தை மூடிப் பூட்டும் தண்டு) இதற்கும். தோட்டா மட்டும் வேறு: 8 மி.மீ. குண்டு, 50 மி.மீ. நீளக் கேஸ் (பித்தளைக் கூடு), அடியில் விளிம்பு. ராணுவத்தின் .303 தடைசெய்யப்பட்ட ரகம் என்பதால் சாதாரண லைசென்ஸில் வராது. இங்கே சொல்வதெல்லாம் லீ-என்ஃபீல்ட் பாடியை வைத்துத்தான். மவுசர் என்ற ஜெர்மன் வகைப் பாடி எங்கே வேறுபடுகிறதோ அங்கே அதைத் தனியாகச் சொல்கிறோம்.

"பேரல் போச்சு" என்று ஓரங்கட்டப்படும் ரைஃபிள்களில் பலவற்றில் பேரல் நன்றாகவே இருக்கும். ரைஃபிளின் மரக்கட்டை தளர்ந்திருக்கும், அல்லது குழலுக்குள் செம்பு படிந்திருக்கும், அல்லது வாய்ப்பக்கம் அரை இன்ச் மட்டும் தேய்ந்திருக்கும். அதனால் அளந்து பார்க்காமல் பேரலில் கை வைக்க வேண்டாம்.

யார் செய்யலாம்

உரிமையாளர் தன் வீட்டில் செய்யும் வேலை இது இல்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி துப்பாக்கியைத் தயாரிப்பதற்கு மட்டுமல்ல, பழுதுபார்ப்பதற்கும் சோதிப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். ஆயுதத்தின் பாகங்களையும் சட்டம் ஆயுதமாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. தனியாக ஒரு பேரலை வாங்கி வீட்டில் வைத்திருந்தாலே குற்றம். கடலூர் சிப்காட்டிலோ புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலோ எவ்வளவு கைதேர்ந்த லேத்காரர் இருந்தாலும், அவரிடம் துப்பாக்கி உரிமம் இல்லையென்றால் இந்த வேலையைக் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் அவரும் சேர்ந்து மாட்டுவார்.

பேரலைக் குட்டையாக்குவதற்கு 6-ஆம் பிரிவு தனியாகத் தடை போடுகிறது. வாய்ப்பக்கம் தேய்ந்திருக்கிறது என்று இரண்டு இன்ச் அறுத்துவிடும் பழைய வழக்கம் அத்தோடு முடிந்தது. துளை அளவை மாற்றினால் லைசென்ஸில் உள்ள விவரமே பொய்யாகிவிடும். மாற்றும் பேரல் பழையதன் அளவிலேயே, உரிமம் பெற்ற தயாரிப்பாளரிடமிருந்து, ரசீதோடு வர வேண்டும்.

வேலைக்குக் கொடுப்பதற்கு முன் லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். பேரலில் துப்பாக்கி எண் பொறித்திருந்தால் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் பதிவில் உள்ள எண்ணுக்கும் கையில் உள்ள துப்பாக்கிக்கும் வேறுபாடு வந்துவிடும். இன்னொன்று, லைசென்ஸில் எழுதியுள்ள எல்லையைப் பாருங்கள். கடலூரிலிருந்து சென்னைக்கு கடற்கரைச் சாலை வழியாகப் போனால் முள்ளோடையிலேயே மாநிலம் மாறி புதுச்சேரி வந்துவிடும். தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லுபடியாகும் லைசென்ஸோடு அந்த வழியில் போகக்கூடாது, விழுப்புரம் வழியாகப் போங்கள். புதுச்சேரி லைசென்ஸ்காரர் சென்னைக்குப் போவதானாலும் முதலில் லைசென்ஸின் எல்லையைப் பார்க்க வேண்டும். ரைஃபிள் காலியாக, போல்ட் தனியாக, உறைக்குள் இருக்கட்டும்.

பேரல் உண்மையிலேயே தேய்ந்ததா?

போல்ட்டை எடுத்துவிட்டு, உள்ளே தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்ட பிறகுதான் எதுவும்.

முதலில் சுத்தம். செம்பை எடுக்கும் அமோனியா கலந்த சால்வென்ட்டைத் துணியில் நனைத்து பின்பக்கத்திலிருந்து விட்டு, கால் மணி நேரம் கழித்து வெள்ளைத் துணியை இழுத்துப் பாருங்கள். துணி நீலமாகவோ பச்சையாகவோ வந்தால் செம்பு இருக்கிறது என்று அர்த்தம். துணி வெள்ளையாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பல வருடமாகக் கவனிக்காத பேரலுக்கு இது சில நாள் வேலை. இதற்குப் பிறகே குறி நேராகிவிட்ட ரைஃபிள்கள் உண்டு.

அடுத்து வெளிச்சத்தில் பார்ப்பது. வாய்ப்பக்கம் வெள்ளைத் தாளை வைத்து அதன்மேல் டார்ச் அடித்து, பின்பக்கத்திலிருந்து பாருங்கள். ரைஃபிளிங் (குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய பள்ளங்கள்) மேடுகளின் ஓரம் கூர்மையாக, முழு நீளத்துக்கும் தெரிய வேண்டும். தோட்டா அறையை ஒட்டி முதல் இரண்டு மூன்று இன்ச்சுக்கு மேடுகள் மங்கி, சாம்பல் நிறத்தில் விரிசல் விட்ட தோல் போலத் தெரிந்தால் அது வெப்ப அரிப்பு. பழைய .303 தோட்டாக்களில் இருந்த கார்டைட் என்ற வெடிமருந்தில் நைட்ரோகிளிசரின் அதிகம், அதனால் எரியும் சூடும் அதிகம். ராணுவப் பேரல்கள் தொண்டையில் (தோட்டா அறையை ஒட்டிய அந்த இடத்தில்) சீக்கிரம் தேய்ந்ததற்குக் காரணம் அதுதான். நடுவில் ஓரிடத்தில் மட்டும் கறுப்பு வளையம் தெரிந்தால் பேரல் அங்கே வீங்கியிருக்கிறது. உள்ளே துணித் துண்டோ, மழைத் தண்ணீரோ, குளவி கட்டிய மண்கூடோ இருக்கும்போது சுட்டதால் வருவது. வாய் திறந்தபடி மூலையில் சாத்தி வைத்த ரைஃபிளில் குளவி கூடு கட்டுவது நம் பக்கத்தில் சாதாரணம். வீங்கிய பேரலுக்கு மருந்து கிடையாது, அதை மாற்றியே ஆக வேண்டும்.

கடற்கரை ஊர்களில் அதிகம் காண்பது அரிப்புக் குழி. பழைய ராணுவத் தோட்டாக்களின் பிரைமரில் (அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டதும் அது குளோரைடு உப்பாகக் குழலுக்குள் படியும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், எண்ணெயில் கரையாது. எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டோம் என்று திருப்திப்பட்டால், எண்ணெய்ப் படலத்துக்கு அடியிலேயே துரு ஓடும். அதைக் கரைக்கத் தண்ணீர் வேண்டும், சுடுதண்ணீர் என்றால் நல்லது. இப்படி வரும் குழிகள் ஆழமில்லாமல், பரவலாக இருந்தால் பேரல் இன்னும் வேலை செய்யும். அழுக்கு சீக்கிரம் படியும், அவ்வளவுதான். மேடுகளே ஆங்காங்கே உடைந்து போயிருந்தால் மாற்ற வேண்டும்.

இனி அளவு. வாய்ப்பக்கத் தேய்மானத்துக்குப் பெரும்பாலும் காரணம் சுடுவது இல்லை, சுத்தம் செய்வது. லீ-என்ஃபீல்டோடு வந்த புல்-த்ரூ கயிற்றை நேராக இழுக்காமல் சாய்த்து இழுத்தால், கயிற்றில் ஒட்டிய மணல் வாயின் ஓரத்தை ஒரு பக்கமாக அறுக்கும். வருடக்கணக்கில் இப்படி நடந்தால் வாய் நீள்வட்டமாகிவிடும். முழுத் தோட்டாவைக் குழல் வாயில் செருகிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உயிருள்ள தோட்டா எந்தச் சோதனைக்கும் வேண்டாம்.

சரியான முறை ஈயம் ஓட்டிப் பார்ப்பது. குழலுக்கு எண்ணெய் தடவி, துளையைவிடச் சற்றுப் பெரிய சுத்த ஈய உருண்டையைப் பின்பக்கத்தில் வைத்து, பித்தளைக் கம்பியால் தள்ளுங்கள். மரக்குச்சி வேண்டாம், உள்ளே பிளந்து மாட்டிக்கொள்ளும். கை உணர்ச்சிதான் இங்கே முதல் கேஜ். கடைசிவரை ஒரே இறுக்கமாக வந்தால் நல்லது. நடுவில் திடீரென்று வழுக்கினால் வீக்கம். வாய்க்கு ஒரு இன்ச் இருக்கும்போது தளர்ந்தால் வாய்த் தேய்மானம். வெளியே வந்த ஈயத்தின் பெரிய விட்டம்தான் பள்ளத்துக்குப் பள்ளம் உள்ள அளவு. அது உங்கள் குண்டின் விட்டத்தைவிட மூன்று நான்கு தவ் (இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ்), அதாவது 0.08 முதல் 0.1 மி.மீ. வரை கூடுதலாக இருந்தால் குண்டு மேடுகளைச் சரியாகப் பிடிக்காது.

இங்கே பலர் தவறாக அளக்கிறார்கள். லீ-என்ஃபீல்டின் மூலப் பேரலில் பள்ளங்கள் 5, இடப்பக்கம் சுழல்பவை, 10 இன்ச்சுக்கு ஒரு சுற்று. பள்ளம் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருந்தால் ஒரு பள்ளத்துக்கு நேரெதிரே மேடுதான் இருக்கும். சாதாரண மைக்ரோமீட்டர் அல்லது வெர்னியர் இதில் குறைந்த அளவைக் காட்டும், தேய்ந்த பேரல் நல்லதாகத் தெரியும். வி-வடிவத் தாங்கி உள்ள மைக்ரோமீட்டர் வேண்டும்.

கடைசிச் சாட்சி இலக்குத் தாள். துளைகள் வட்டமாக இல்லாமல் சாவித்துவாரம் போல நீண்டிருந்தால் குண்டு பக்கவாட்டில் புரண்டு போயிருக்கிறது. பேரலை மாற்ற அது ஒன்றே போதும்.

துளைகள் வட்டமாக இருந்து, குறி மட்டும் சிதறினால் கட்டையைப் பாருங்கள். பாடியின் பின்புறம் முன்கட்டையில் அழுந்தி உட்காரும் இரண்டு தாங்கு இடங்கள் சுருங்கியோ நசுங்கியோ போயிருந்தால் ஒவ்வொரு முறையும் ரைஃபிள் வேறு இடத்தில் உட்காரும். மழைக்காலத்தில் கட்டை உப்பிப் பேரலை ஒரு பக்கமாகத் தள்ளுவதும் உண்டு. ஐப்பசியில் ஒரு குறி, சித்திரையில் ஒரு குறி என்றால் சந்தேகம் கட்டைமேல்தான் வர வேண்டும்.

வாய்ப்பக்கம் மட்டுமே தேய்ந்த பேரலுக்கு மாற்று வேண்டாம். வெளி நீளத்தைத் தொடாமல், தேய்ந்த அரை முக்கால் இன்ச் ஆழத்துக்கு உள்ளே மட்டும் அகலத் துளைத்து, அதன் அடியில் புதிதாக நேரான வாய் எடுத்துக் கொடுப்பார்கள். செலவு குறைவு, பேரலும் எண்ணும் அப்படியே இருக்கும். எங்களைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வோம்.

பட்டறையில் நடப்பது

உரிமம் பெற்ற பட்டறையில் வேலை நடக்கும்போது என்ன நடக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் சரியான கேள்வி கேட்க முடியும்.

கழற்றும் வரிசை முக்கியம். லீ-என்ஃபீல்ட் நம்பர் 1 (மார்க் 3-க்குப் பின்னால் வந்த பெயர்) பாடியில் முன்கட்டையை எடுத்த பிறகுதான் பின்கட்டையைப் பிடிக்கும் நீண்ட திருகைத் திருப்ப வேண்டும். அந்தத் திருகின் சதுர முனை முன்கட்டையின் பின்னால் உள்ள தகட்டில் செருகியிருக்கும். முன்கட்டை இருக்கும்போதே திருப்பினால் கட்டை பிளக்கும். பழைய ரைஃபிள்களில் முன்கட்டையின் பின்பக்கம் விரிசல் இருப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்த ஒரு தவறுதான்.

பார்வைக் குறிகளைக் கழற்றியதும், பாடியும் பேரலும் சேரும் இடத்தில் ஊடுருவும் எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊற விடுவார்கள். பேரலை, ரோசின் பொடி தூவிய கெட்டி மரக் கட்டைகளுக்கு நடுவே பேரல் வைஸில் பிடிப்பார்கள். ஸ்பானர், பாடியின் முன் வளையத்தை இடைவெளி இல்லாமல் சுற்றிப் பிடிப்பதாக இருக்க வேண்டும். பின்னால் உள்ள பாலத்திலோ, திறந்த நடுப்பகுதியிலோ கம்பியைக் கோத்துத் திருகினால் பாடி முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய பாடியை நேராக்க முடியாது. மரை சாதாரண வலப்பக்க மரைதான்.

அசையவில்லை என்றால் எரிவாயு வெல்டிங் விளக்கை எடுக்கும் ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். பாடி சூட்டுப் பதம் கொடுத்த எஃகு, சிவக்கக் காய்ச்சினால் பதம் போய்விடும். எப்படியும் பழைய பேரல் கழிவுதான் என்பதால், பாடியின் முகத்துக்குச் சற்று முன்னால் பேரலின் தோளில் லேத்தில் ஒரு மெல்லிய வெட்டு எடுத்தால் இறுக்கம் விட்டுவிடும்.

புதுப் பேரலில் கவனிக்க வேண்டியது இரண்டு: தோள் பாடியின் முகத்தில் முழு வட்டமாக உட்கார வேண்டும், உட்காரும் அதே நேரத்தில் மேற்பக்கத் தட்டைப் பரப்பு நேர் மேலே வர வேண்டும். கையால் திருகினால் சில டிகிரி முன்னாலேயே நிற்க வேண்டும், மீதியை ஸ்பானர் இறுக்கும். லீ-என்ஃபீல்ட் மரை இன்ச்சுக்கு 14. ஒரு சுற்றுக்கு 1.81 மி.மீ. முன்னேறும், ஒரு டிகிரிக்கு 0.005 மி.மீ. ஆக 10 டிகிரி திருத்த வேண்டுமென்றால் தோளில் 0.05 மி.மீ. மட்டும் எடுத்தால் போதும். அரத்தால் ராவிச் சரிசெய்கிற அளவு இல்லை இது, லேத்தில் முகம் எடுக்க வேண்டும். அளவுக்கு மேல் எடுத்துவிட்டால் தட்டைப் பரப்பு மேலே வந்த பிறகும் பேரல் இறுகாது. அதை ஷிம் தகடு வைத்து ஒப்பேற்றியிருந்தால் வாங்க மறுத்துவிடுங்கள்.

மவுசரில் பேரலின் பின்முகம் பாடிக்குள் இருக்கும் வளையத்தில் உட்காரும். 98 மாடலில் மரை இன்ச்சுக்கு 12, கோணம் 55 டிகிரி. வழக்கமான 60 டிகிரி மரை வெட்டும் கருவியால் வெட்டினால் ஏறுவது போலத் தெரியும், ஆனால் பக்கங்கள் முழுதாகப் பொருந்தாது.

ஹெட்ஸ்பேஸ்

இந்த ஒரு அளவில்தான் சுடுபவரின் கண்ணும் முகமும் இருக்கின்றன. போல்ட் முகத்துக்கும் பேரலின் பின்முகத்துக்கும் நடுவே தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடைவெளி அது. குறைந்தால் போல்ட் மூடாது. கூடினால் சுடும்போது கேஸ் பின்னால் நீண்டு, அடிப்பக்கத்தில் அறுந்து, அழுத்த வாயு பாடிக்குள் வரும்.

.303-க்கு 64 தவ் (1.63 மி.மீ.) கேஜில் போல்ட் மூட வேண்டும். 74 தவ் (1.88 மி.மீ.) கேஜில் மூடவே கூடாது, அது ராணுவத்தின் கடைசி எல்லை. .315-ன் விளிம்பு அளவு வேறு, அதற்கு உரிய கேஜ் தனி. இரண்டுக்கும் பாடி ஒன்றாக இருப்பதால் .303 கேஜையே வைத்து அளக்கும் ஆட்கள் உண்டு, அந்த அளவு எதையும் சொல்லாது. எந்தக் கேஜ் வைத்தீர்கள் என்று கேட்டு, அதன்மேல் பொறித்திருப்பதைக் கண்ணால் பாருங்கள். கேஜ் போடும்போது எக்ஸ்ட்ராக்டரை (காலிக் கேஸை வெளியே இழுக்கும் கொக்கி) கழற்றி, போல்ட் கைப்பிடியை ஒரு விரலால் மட்டும் இறக்க வேண்டும். பலம் கொடுத்தால் எந்தக் கேஜிலும் மூடும்.

லீ-என்ஃபீல்டில் போல்ட்டின் தலை தனியாகக் கழன்று வரும். இடைவெளி கூடியிருந்தால் நீளமான தலை போட்டுச் சரிசெய்யலாம். பிந்தைய நம்பர் 4 ரைஃபிளில் இந்தத் தலைகள் 0, 1, 2, 3 என்று எண்ணிட்டு வரும். நம்பர் 1-ல் எண் கிடையாது, பல தலைகளை அளந்து பொறுக்க வேண்டும். ஆனால் தலை மாற்றுவதற்கு முன் போல்ட்டின் இரண்டு பூட்டுக் காதுகளும் சமமாகப் பாடியில் அழுந்துகின்றனவா என்று நீல மசி தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். லீ-என்ஃபீல்டில் பூட்டு பின்பக்கம். ஒரு காதில் மட்டும் மசி ஒட்டினால், சுடும்போது பாடி ஒரு பக்கமாக வளையும், குறி மேலும் கீழும் அலையும். போல்ட்டின் எண்ணும் பாடியின் எண்ணும் ஒன்றாக இருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

எக்ஸ்ட்ராக்டருக்காகப் பேரலின் பின்முகத்தில் வெட்டியுள்ள பள்ளம் சரியான இடத்தில் நிற்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் எக்ஸ்ட்ராக்டர் பேரலில் முட்டும், காலிக் கேஸ் வெளியே வராது.

கட்டையைத் திரும்பப் பொருத்துதல்

புதுப் பேரல் பழையதைவிட ஒரு நூல் தடிமனாக இருந்தாலும் கட்டையின் பள்ளத்தில் ஒரு பக்கம் உரசும். ஒரு தாள் துண்டைப் பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு இழுத்தால் எங்கே தட்டுகிறது என்று தெரிந்துவிடும். உரசும் இடத்தை மட்டும் சுரண்டி, வெளுத்த மரத்தில் ஆளிவிதை எண்ணெய் மூன்று நான்கு முறை ஏற்றிக் காயவிட வேண்டும். எண்ணெய் ஏற்றாத மரத்தை அப்படியே விட்டால் அடுத்த வடகிழக்குப் பருவமழையிலேயே மறுபடி உப்பும்.

முதல் சுடுதல்

புதுப் பேரல் போட்ட ரைஃபிளுக்கு அழுத்தச் சோதனை ஆக வேண்டும். அது ஆன முத்திரையும் சான்றும் இல்லாமல் கையில் வாங்காதீர்கள். அதற்குப் பிறகும் முதல் தோட்டாக்களைப் பழுதுபார்த்தவரே ரைஃபிளைத் தாங்கியில் கட்டி, கயிற்றால் இழுத்துச் சுட வேண்டும். சவுக்குத் தோப்பிலோ முந்திரிக்காட்டிலோ சுட்டுப் பார்ப்பது பேச்சுக்கே இடமில்லை. அனுமதி பெற்ற ரேஞ்சில் மட்டும்தான்.

சுட்ட காலிக் கேஸ்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அடியிலிருந்து அரை இன்ச் உயரத்தில் சுற்றிலும் பளபளப்பான வளையக் கோடு இருந்தால் கேஸ் நீள்கிறது. முனை வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுத் தடவினால் அந்த இடத்தில் பள்ளம் தட்டுப்படும். தட்டுப்பட்டால் ஹெட்ஸ்பேஸ் சரியில்லை, ரைஃபிள் அப்படியே திரும்பிப் போக வேண்டும். பிரைமர் வெளியே துருத்தியிருப்பதும் அதே அறிகுறி. கேஸின் ஒரு பக்கம் மட்டும் உப்பியிருந்தால் தோட்டா அறை மையம் விலகியிருக்கிறது.

கழற்றிய பழைய பேரலை நினைவுப் பொருளாக வீட்டுக்கு எடுத்துவர வேண்டாம். பட்டறையின் பதிவேட்டில் ஏற்றி, ஒப்படைத்ததற்கு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் எண் இருந்தால் அதை ராவி அழிக்கக்கூடாது, அடையாளக் குறியை அழிப்பதே தனிக் குற்றம்.

உப்புக்காற்றில் புதுப் பேரல்

சுட்ட அன்றே சுத்தம். தோட்டா பழையது, பிரைமர் எந்த ரகம் என்று தெரியாது என்றால், புனல் வைத்துப் பின்பக்கத்திலிருந்து அரை லிட்டர் கொதிநீரை ஊற்றுங்கள். தண்ணீர் கட்டைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூட்டில் குழல் தானாகவே உலர்ந்துவிடும், பிறகு இரண்டு உலர் துணி, கடைசியில் எண்ணெய். கம்பி எப்போதும் பின்பக்கத்திலிருந்தே போகட்டும். தோலுறை, கான்வாஸ் உறை இரண்டுமே ஈரத்தைப் பிடித்து வைக்கும், அவற்றுக்குள் வைத்துப் பூட்ட வேண்டாம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது போல வீட்டுக்குள் வெள்ளம் ஏறி ரைஃபிள் நனைந்தால், முதலில் நல்ல தண்ணீரில் அலசிய பிறகே உலர்த்த வேண்டும். வெள்ளநீரின் உப்பும் சேறும் மேலே காய்ந்துவிட்டால் குழி விழும்.

தேர்தல் அறிவித்ததும் ரைஃபிளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வாரக்கணக்கில் அது அங்கே யாரும் தொடாமல் நிற்கும். மெல்லிய எண்ணெய் அதுவரை தாங்காது, வடிந்துவிடும். ஒப்படைக்கும் முன் குழலுக்குள்ளும் தோட்டா அறையிலும் போல்ட்டிலும் கிரீஸைச் சீராகப் பூசுங்கள். வாயை எண்ணெய்த் தாளால் மூடி நூலால் கட்டி, "உள்ளே கிரீஸ், துடைக்காமல் சுடக்கூடாது" என்று ஒரு அட்டை எழுதித் தொங்கவிடுங்கள். ரசீதில் ரைஃபிளின் எண்ணோடு புதுப் பேரலின் எண்ணையும் எழுதி வாங்குங்கள். திரும்ப எடுக்கும்போது இரண்டு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் கிரீஸ் முழுதும் போகும்வரை மண்ணெண்ணெயில் நனைத்த துணியை விட்டு இழுத்து, மறுபடி மெல்லிய எண்ணெய் தடவி வையுங்கள். கிரீஸ் அடைத்த குழலில் ஒரே ஒரு தோட்டா சுட்டாலும் புதுப் பேரல் வீங்கிவிடும்.